ஐ.வி. லைன் போடத் தனிக் குழு வேண்டுமா? மருத்துவமனைகளுக்கான நடைமுறை வழிகாட்டி

"நரம்பு கிடைக்கவில்லை" என்ற சொல் தம் வார்டுகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் மருத்துவமனைகள் அரிது. பாடநூல் சிரை என்று சொல்லும் இரத்தக் குழாயை வார்டில் நோயாளி முதல் மருத்துவர் வரை அனைவரும் நரம்பு என்றே சொல்கிறார்கள். இக்கட்டுரையில் சிரை என்றே எழுதுகிறேன். ஊசி முனை உண்மையான நரம்பில் பட்டுவிடுவதும் இந்த வேலையில் உள்ள ஆபத்துகளில் ஒன்று என்பதால், இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்ப விரும்பவில்லை.

ஐ.வி. லைன், அதாவது மருந்தும் திரவமும் ஏற்றச் சிரைக்குள் வைக்கும் மெல்லிய குழாய், போடும் வேலையை வார்டு செவிலியர்களே தொடர்ந்து செய்வதா, அதற்கெனத் தனிக் குழு ஒன்றை அமர்த்துவதா என்ற கேள்வி, நர்சிங் சூப்பரின்டென்டென்டின் மேசைக்குப் பெரும்பாலும் ஒரு புகாரின் வடிவில்தான் வந்து சேர்கிறது. வயதான ஒருவரை ஐந்து இடத்தில் குத்தியிருப்பார்கள். அவருடைய மகன் கடிதம் எழுதியிருப்பார். நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கும். அந்தச் சூட்டில் எடுக்கப்படும் முடிவு, திறமையான நான்கு செவிலியர்களை வார்டுகளிலிருந்து பிரித்து எடுத்து, "இனி லைன் எல்லாம் இவர்கள் போடுவார்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதாக இருக்கும். இந்த ஏற்பாடு பகலில் நன்றாக ஓடும், இரவில் படுத்துவிடும். எனவே இவ்வழிகாட்டியின் அடிப்படைக் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: தனிக் குழுவால் கிடைக்கும் நன்மையில் பெரும் பங்கு, ஊசி குத்தும் கைத்திறனால் வருவதன்று, போட்ட லைனை நாள்தோறும் ஒருவர் போய்ப் பார்ப்பதால் வருவது. இதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், குறைந்த ஆட்களைக் கொண்டே வேலையை முடிக்கலாம்.

முதலில் இரண்டு வாரக் கணக்கு

எந்த மாற்றத்தையும் அறிவிக்கும் முன், இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு வார்டிலும் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி போதும். போட்ட நாள், நேரம், கையில் எந்த இடம், எந்த நிற வென்ஃப்ளான் (சிரைக்குள் வைக்கும் குழாய்), எத்தனையாவது முயற்சியில் கிடைத்தது, போட்டவர் செவிலியரா பயிற்சி மருத்துவரா, எடுத்த நாள், நேரம், எடுத்ததற்கான காரணம் ஆகியவை அந்த வரியில் இருக்க வேண்டும். போட்டவரின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள். பெயர் எழுதும் பத்தி ஒன்று இருந்தால், முயற்சி என்ற பத்தியில் எல்லா வரியிலும் "1" என்றே இருக்கும்.

இப்பதிவேட்டில் எல்லோரும் முதல் முயற்சியின் வெற்றியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைவிட அதிகம் சொல்வது கடைசிப் பத்தி. சிகிச்சை முடிந்து எடுக்கப்பட்ட லைன் எத்தனை, வீங்கியோ சிவந்தோ அடைத்தோ கழன்றோ போனதால் எடுக்கப்பட்டவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். வேலை முடியும் முன்பே பழுதாகிவிடும் லைன்கள் 35 முதல் 50 விழுக்காடு வரை இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் எழுதியிருக்கிறார்கள். அதாவது, நாம் போடும் லைன்களில் கணிசமான பகுதி, முன்பு போட்டது "அவுட்" ஆனதால் மறுபடியும் போடுவது. அந்தப் பகுதியைக் குறைத்தால் குத்த வேண்டிய எண்ணிக்கையே குறைந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்றையும் எண்ணுங்கள். மருந்து மாத்திரைக்கு மாறிய பிறகும், ட்ரிப்ஸ் நின்ற பிறகும், "இருக்கட்டும், தேவைப்படலாம்" என்று கையிலேயே விடப்பட்ட லைன்கள் எத்தனை என்பதுதான் அது. ஒரு நாள் காலையில் எல்லா வார்டுகளையும் ஒரு சுற்று சுற்றினால் இது தெரிந்துவிடும். பயனில்லாமல் கையில் இருக்கும் ஒவ்வொரு லைனும் கிருமி உள்ளே போகத் திறந்து வைத்த வாசல்.

குழு என்ற ஏற்பாடு வந்த வழி

1940-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏடா பிளூமர் என்ற செவிலியரிடம் இவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் சிரையில் ஊசி போடுவது மருத்துவரின் வேலையாகவே கருதப்பட்டது. பிளூமரே பிற்காலத்தில், 1973-ல், இத்துறைச் செவிலியர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1950-ல் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா பிளாஸ்டிக் குழாயை உருவாக்கியபின், உலோக ஊசியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிய தொல்லை படிப்படியாகக் குறைந்தது. தனிக் குழுக்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவின. பின்னர் செலவைக் குறைக்கும் அலை வந்தபோது பல இடங்களில் கலைக்கப்பட்டன. குழுவின் சம்பளம் பட்ஜெட்டில் ஒரு வரியாகத் தெரிகிறது. அக்குழு தடுத்த வீக்கமும் தொற்றும் எந்த வரியிலும் தெரிவதில்லை.

ஆய்வுச் சான்றுகளைப் பொறுத்தவரை நிதானம் தேவை. சிகாகோவில் நடந்து 1998-ல் வெளியான ஒரு சமவாய்ப்பு ஆய்வில் (குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு), பயிற்சி மருத்துவர்கள் போட்ட லைன்களில் 21.7 விழுக்காட்டிலும், ஐ.வி. குழுவின் லைன்களில் 7.9 விழுக்காட்டிலும் அழற்சியின் அறிகுறிகள் காணப்பட்டன. குழு வேண்டும் என்று வாதிடுபவர்கள் இவ்வெண்களை விரும்பிக் காட்டுவார்கள். ஆனால் அங்கே குழுவோடு ஒப்பிடப்பட்டவர்கள் பயிற்சி மருத்துவர்கள், அனுபவமுள்ள வார்டு செவிலியர்கள் அல்லர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனிக் குழுக்கள் தொற்றையும் செலவையும் குறைப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது என்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 மீளாய்வோ, இக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க, வெளியிடப்பட்ட சமவாய்ப்பு ஆய்வு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்துவிட்டது. ஆகவே "ஆய்வு சொல்கிறது" என்று நிர்வாகத்திடம் போய் நிற்பதைவிட, உங்கள் இரண்டு வாரப் பதிவேட்டோடு போய் நிற்பதே பலன் தரும்.

எத்தனை பேர் தேவை

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் பதிவேட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். 300 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 180 பேருக்கு லைன் இருப்பதாகவும், ஒரு லைன் சராசரியாக மூன்று நாள் நிற்பதாகவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 60 புதிய லைன்கள் போட வேண்டும். ட்ரே எடுத்து, கை கழுவி, சிரை தேடி, போட்டு, ஒட்டி, எழுதி முடிக்க 20 நிமிடம் என்றால், வார்டு செவிலியர்களின் நேரத்தில் நாளொன்றுக்கு 20 மணி நேரம் இதற்கே போகிறது.

இது முழுவதையும் குழுவிடம் கொடுத்தால், வார்டுக்கு வார்டு நடப்பதும் லிஃப்டுக்குக் காத்திருப்பதும் சேர்ந்து ஒரு லைனுக்கு 25 நிமிடம் ஆகும். எட்டு மணி நேர ஷிப்டில் வேலைக்குக் கிடைக்கும் ஏழு மணி நேரத்தில் ஒருவரால் 17 லைன்கள் போட முடியும். எனவே நாளொன்றுக்கு நான்கு பேரும், வார ஓய்வையும் விடுப்பையும் சேர்த்தால் ஆறு பேரும் தேவைப்படுவார்கள். இதில் யாரும் மறுநாள் போய்ப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

மாறாக, எளிதானவற்றை வார்டிலேயே விட்டு, ஐந்தில் ஒரு பங்கான கடினமானவற்றை மட்டும் குழு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 12 லைன்களுக்கு அரை மணி நேரம் வீதம் ஆறு மணி நேரம். 180 லைன்களையும் நாளுக்கு ஒரு முறை பார்க்க, லைனுக்கு இரண்டரை நிமிடம் வீதம் ஏழரை மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு பேர், சம்பளப் பட்டியலில் மூன்று பேர். பாதி ஆட்களைக் கொண்டு, முன்பு செய்யவே முடியாத பார்வையிடும் வேலையும் நடந்துவிடுகிறது. என் பரிந்துரை இந்தக் கலப்பு முறைதான்.

கலப்பு முறையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போடும் கை, பயன்படுத்தாவிட்டால் மறந்துவிடும் கை. லைன் முழுவதையும் குழுவிடம் கொடுத்த மருத்துவமனையில், இரண்டு வருடம் கழித்து இரவு இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியின் அருகில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ், கடைசியாக எப்போது லைன் போட்டார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

வேலையைப் பிரிக்கும் கோடு

அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றை இக்கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு உள்ள தாய்க்கு இரண்டு பெரிய லைன்கள் உடனே வேண்டும். குழுவுக்கு ஃபோன் செய்து காத்திருக்கும் நேரம் அங்கே இல்லை. இப்பிரிவுகளில் இருப்பவர்களின் கைத்திறன் எப்போதும் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால், புதிதாகச் சேரும் செவிலியர்களை மேற்பார்வையோடு பழக்குவதற்கு அறுவை அரங்கின் முன் அறை மிக ஏற்ற இடம். அங்கே நோயாளிகள் பெரும்பாலும் நிலையாக இருப்பார்கள், அருகிலேயே மயக்க மருத்துவரும் இருப்பார்.

பொது வார்டுகளில், கடினமான நோயாளி யார் என்பதைக் குத்துவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். இதற்கு நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட ஐந்து கேள்வி அளவுகோல் ஒன்று கைக்கு அடக்கமாக இருக்கிறது. முன்பு லைன் போடுவது சிரமமாக இருந்ததா? இப்போதும் சிரமமாக இருக்கும் என்று போடுபவருக்குத் தோன்றுகிறதா? டூர்னிகே (கையை இறுக்கும் பட்டை) கட்டிய பிறகும் சிரை கைக்குத் தட்டுப்படவில்லையா? கண்ணுக்குத் தெரியவில்லையா? தெரியும் சிரையின் விட்டம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவா? ஒவ்வொரு "ஆம்" என்ற விடைக்கும் ஒரு புள்ளி. நான்கு அல்லது ஐந்து வந்தால் வார்டில் முயலவே வேண்டாம், குழுவை அழையுங்கள். இரண்டு, மூன்று வந்தால் வார்டிலுள்ள மூத்த செவிலியர் ஒரு முறை முயலலாம். முதல் கேள்விக்கு விடை நோயாளியிடமே இருக்கிறது. "இந்தக் கையில் கிடைக்காது சிஸ்டர், அந்தக் கையில் பாருங்கள்" என்று அவர் சொல்வதைச் சவாலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது தகவல், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது முயற்சிகளின் வரம்பு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது என்பது அமெரிக்க ஐ.வி. செவிலியர் சங்கத்தின் தரநிலை. இவ்விதியைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. இரண்டு முறை தவறியதும் கையை எடுத்துவிட்டு அடுத்தவரை அழைப்பது தோல்வியாகக் கருதப்படாத சூழலை வார்டு பொறுப்புச் செவிலியர் உருவாக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் லைன் போடும் சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாயச் சுழற்சிப் பயிற்சி) மருத்துவர்களுக்கும் இதே விதி பொருந்தும் என்று சுற்றறிக்கையில் தெளிவாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் விதி செவிலியர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

சில கைகளைத் தொடவே கூடாது என்பதும் பிரிவுக் கோட்டின் ஒரு பகுதி. டயாலிசிசுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கை, மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை, பக்கவாதத்தால் உணர்வு இழந்த கை ஆகியவை அவை. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இன்னும் ஃபிஸ்டுலா போடப்படவில்லை என்றாலும், நாளை அதற்குத் தேவைப்படப் போவது முன்கைச் சிரைகளே. ஆகவே அவருக்குப் புறங்கையிலேயே போடப் பாருங்கள். சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

இரு தரப்புக்கும் ஒரே செய்முறை

குழு ஒரு விதமாகவும் வார்டு ஒரு விதமாகவும் போட்டால், எதனால் எது பழுதானது என்று பின்னர் பிரித்தறிய இயலாது. எனவே ஒரே செய்முறையை இரு தரப்புக்கும் எழுதிக்கொடுங்கள். கை கழுவிய பின், போடும் இடத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே டூர்னிகே கட்டி, முன்கையில் நேராக ஓடும், அழுத்தினால் துள்ளும் சிரையைத் தேட வேண்டும். முழங்கை மடிப்பு எளிதாகக் கிடைக்கும் இடம்தான். ஆனால் நோயாளி சாப்பிடக் கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் சிரையை உரசும், ட்ரிப்ஸ் நிற்கும். மணிக்கட்டின் உட்புறத்தையும் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் சொன்ன உண்மையான நரம்புகள் அங்கேதான் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன.

வென்ஃப்ளான் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில், சிகிச்சைக்குப் போதுமான மிகச் சிறியதே நல்லது என்ற விதியை வையுங்கள். வார்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பிங்க் அல்லது நீலம், அதாவது 20 அல்லது 22 கேஜ் போதும் (கேஜ் எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது). பச்சையான 18 கேஜ், அறுவை சிகிச்சைக்கும் வேகமாகத் திரவமோ இரத்தமோ ஏற்ற வேண்டியவர்களுக்கும் உரியது. மஞ்சள் நிற 24 கேஜ் குழந்தைகளுக்கும், சிரை மிக மெல்லியதாகிவிட்ட முதியவர்களுக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் பச்சை போடும் பழக்கத்தை ஒழித்தாலே வீக்கம் குறையும். குழாய் சிரையை அடைத்துக்கொண்டு கிடந்தால் மருந்து இரத்தத்தில் கலந்து நீர்க்க இடம் இருக்காது.

குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் அழுத்தித் துடைத்து, தானாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஊதி உலர்த்துவதும், துடைத்த இடத்தை விரலால் மறுபடி தொட்டுப் பார்ப்பதும் துடைத்ததையே வீணாக்கிவிடும். 10 முதல் 30 பாகைச் சாய்வில் நுழைத்து, ஊசியின் பின்புறச் சிற்றறையில் இரத்தம் தெரிந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, இன்னும் சிறிது உள்ளே செலுத்திய பிறகே குழாயை மட்டும் நகர்த்த வேண்டும். இரத்தம் தெரிந்த உடனே குழாயைத் தள்ளுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு; அப்போது ஊசி முனை சிரைக்குள் இருக்கும், குழாயின் முனை இன்னும் வெளியே இருக்கும். டூர்னிகேயை அவிழ்த்து, ஊசியை எடுத்து மூடியிடாமல் நேராக வெள்ளைக் கூர்பொருள் பெட்டியில் போட்டு, 5 மில்லி சலைன் செலுத்திப் பார்த்து, ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய் நுழையும் இடத்தின் மேலேயே பிளாஸ்திரியை நாலு சுற்றுச் சுற்றி, கையை மம்மி போலக் கட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. லைன் அசையாதுதான், ஆனால் உள்ளே சிவந்திருப்பதும் தெரியாது. நுழையும் இடம் கண்ணுக்குத் தெரியும் ஒளிபுகும் டிரெசிங்கே பயன்படுத்த வேண்டும். அதன் ஓரத்தில் தேதியும் நேரமும் எழுத வேண்டும்.

போட்ட பிறகு

குழுவின் உண்மையான வேலை இங்கிருந்து தொடங்குகிறது. வார்டு செவிலியர் ஷிப்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். குழு நாளுக்கு ஒரு முறை சுற்றி வந்து அதைச் சரிபார்க்க வேண்டும். சிவப்பு, வலி, வீக்கம், கயிறு போலத் தடித்த சிரை ஆகியவற்றைப் பார்த்துச் சிரை அழற்சிக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் வி.ஐ.பி. அளவுகோல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 2 வந்தால் லைனை எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும். மருந்து செலுத்தும் முன் இணைப்பு வாயை ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி தேய்க்கிறார்களா என்பதையும் குழு கவனிக்கட்டும். பெரும்பாலும் தேய்ப்பது போன்ற ஒரு பாவனைதான் நடக்கும்.

மூன்று நாள் ஆனதும் பழுதில்லாத லைனையும் எடுத்து மாற்ற வேண்டுமா என்பது பழைய சர்ச்சை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், மூன்று நாளுக்கொரு முறை மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி சமமாக 7 விழுக்காடாகவே இருந்தது. நாள் கணக்கில் மாற்றாமல் விடுவது வேலையையும் வலியையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தினமும் யாராவது பார்க்கும் இடத்தில்தான் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியும். பார்வையிடும் ஏற்பாடு உறுதியாகும்வரை பழைய விதியை மாற்றாதீர்கள்.

சுற்றின்போது குழு கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: இந்த லைன் இன்றும் தேவையா? தேவையில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதை அங்கேயே எடுக்கும் அதிகாரத்தைக் குழுவுக்கு எழுத்து மூலம் கொடுங்கள். நார்அட்ரினலின், கால்சியம், கீமோதெரபி மருந்துகள் போன்று வெளியே கசிந்தால் திசுவையே அழிக்கக்கூடியவை சிறு சிரைகளில் ஓடிக்கொண்டிருந்தால், சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைவரை செல்லும் குழாய்) பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டியவர்களும் இவர்களே. ஐந்தாறு நாளுக்கு மேல் ஐ.வி. மருந்து தேவைப்படுபவருக்கு மூன்றாவது வென்ஃப்ளானுக்குப் பதில் மிட்லைன் (மேற்கைச் சிரையில் வைக்கும் நீண்ட குழாய்) பொருத்தமா என்று கேட்பதும் அப்படித்தான்.

மூன்று மாதம் கழித்து

அதே பதிவேட்டை, அதே இரண்டு வாரங்களுக்கு, மறுபடி வையுங்கள். பழுதாகி எடுக்கப்பட்ட லைன்களும் பயனின்றிக் கையில் விடப்பட்டவையும் குறைந்திருந்தால் ஏற்பாடு வேலை செய்கிறது. முதல் முயற்சி வெற்றி மட்டும் கூடி, இவை குறையவில்லை என்றால், குழு குத்திவிட்டுப் போய்விடுகிறது, சுற்று நடக்கவில்லை என்று பொருள். குழுவுக்கு வரும் அழைப்புகள் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாக ஏறியிருந்தால், வார்டுகள் கையைக் கட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அப்போது குழுவினர் போய்த் தாமே போட்டுவிட்டு வராமல், அருகில் நின்று வார்டு செவிலியரைப் போட வைக்க வேண்டும்.

இரவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. மூன்று பேர் கொண்ட குழுவால் இரவைக் காக்க முடியாது. ஒவ்வொரு தளத்திலும் இரண்டு மூன்று வார்டு செவிலியர்களைத் தேர்ந்து, குழுவோடு ஒரு மாதம் சுற்ற வைத்து, அல்ட்ராசவுண்டு பார்த்துப் போடவும் பழக்குங்கள். இரவு டூட்டி பட்டியல் போடும்போது, தளத்துக்கு ஒருவராவது இவர்களில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரும் அழைப்பு எண்ணும் அன்றன்று மாலை ஒவ்வொரு நர்சிங் ஸ்டேஷன் பலகையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டு கருவி இரவில் எந்த அறையில் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதச் சொல்லுங்கள்.